தட்டில் வந்த பிகான்யா

அந்தப் பெரிய கிடங்குக் கடைக்குள் நுழையும்போது ஒஸ்மார் மொரேய்ராவுக்கு ஒரே ஒரு பயம்தான் இருக்கும். பிகான்யா தீர்ந்து போயிருக்குமோ என்ற பயம். மாட்டின் பின்பக்கத்தில், மேலே தொப்பி மாட்டியது போலக் கொழுப்பு மூடிய முக்கோணத் துண்டு அது. பிரேசிலில் பிறந்தவனுக்கு அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அமெரிக்கக்காரர்கள் ரொம்பக் காலம் அதன் அருமை தெரியாமல் கொழுப்பைச் செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கண்ட கறியோடும் சேர்த்து வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்து ஃப்ராமிங்காமில் எங்கள் பிரேசில் ஆட்கள் பெருகின பிறகுதான் கடைக்குப் புத்தி வந்தது. முழுத் துண்டாகக் காற்று உறிஞ்சிய பையில் போட்டு வைக்க ஆரம்பித்தார்கள். புத்தி வந்த கையோடு கூட்டமும் வந்துவிட்டது.

ஒஸ்மார் பொறுக்குகிற அழகே தனி. மேலே கிடக்கும் பைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். குளிர்ப்பெட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, அடியில் கிடப்பதை உருவி எடுப்பார். கட்டைவிரலால் கொழுப்பை அமுக்கிப் பார்ப்பார். பிறகு புரட்டிப் போட்டு நரம்புகளை எண்ணுவார். மூன்றாவது நரம்பைத் தாண்டி நீளுகிற துண்டு பிகான்யா இல்லை, எடைக்காக ஒட்ட வைத்திருக்கிற தொடைக்கறி என்பது அவர் தீர்ப்பு. கனமான பை கையில் சிக்கினால் ஏதோ அசிங்கத்தைத் தொட்டுவிட்டது போலத் திருப்பிப் போடுவார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற மனுஷன்தான். ஆனால் அந்தப் பெட்டி முன்னால் நின்றுவிட்டால் பிரேசிலின் வலடாரிஸ் ஊர்க்காரர்கள் நாலு பேர் பின்னால் வந்து நின்று, எனக்கும் ஒன்று பார்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஜூலையில் வருகிற அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை அந்தப் பெட்டி காலியாக இருந்தது. துடைத்து வைத்தது போல ஒன்றும் இல்லை. மறுநாள் பகலுக்கு மகன் வெஸ்லி குடும்பம், தேவாலயத்துச் சிநேகிதர்கள் என்று ஊரையே கூப்பிட்டு வைத்திருந்தார். மனைவி இவோனி, ஊருக்குள் இருக்கிற நம்ம கசாப்புக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றாள். அங்கே பணத்தை நீட்டினால் யாருக்கும் கிடைக்கும், அதில் என்ன இருக்கிறது என்று ஒஸ்மார் முறைத்தார். பக்கத்துப் பெட்டியில் அதே பிகான்யாவைத் தடித் தடியாக வெட்டி, தட்டுகளில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருந்தார்கள். கொழுப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒட்டியிருந்த தாளில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி இருந்தது. இங்கிலீஷில் அவருக்கு எண்கள்தான் படிக்க வரும். மற்றதெல்லாம் விளம்பரம் என்பது அவர் கட்சி.

"தட்டுக்கறி வாங்கினேன்னு வெளிய மூச்சு விடாத," என்றார் இவோனியிடம்.

"உன் மானம் தட்டுலயா இருக்கு, கெழவா?" என்று அவள் சிரித்தாள்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தட்டுகளையும் தாள்களையும் கிழித்துக் குப்பையில் அமுக்கிவிட்டு, கறியை மட்டும் பாத்திரத்தில் எடுத்து வைத்தார். மறுநாள் வந்தவர்களுக்கு அது தட்டில் வந்ததா, பையில் வந்ததா என்று தெரிய வழியே இல்லை.

மருமகள் மோரா பாஸ்டன் பக்கத்து ஐரிஷ் வீட்டுப் பெண். நல்லவள். ஆனால் குழந்தை விஷயத்தில் கல். லிவியாவுக்கு நாலு வயது. ஒவ்வொரு ஞாயிறும் மோரா அடுப்புப் பக்கம் வந்து, லிவியாவுக்கு மட்டும் உள்ளே சிவப்பே தெரியாமல் வேக வையுங்கள் வோவோ என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். குழந்தை தாத்தாவைக் கூப்பிடுகிற சொல்லையே அவளும் வைத்துக்கொண்டாள். ஒஸ்மார் மண்டையை ஆட்டுவார். மனசுக்குள், இந்தக் கறியைக் கருக்குவதற்குச் செருப்பைச் சுடலாம் என்று நினைத்துக்கொள்வார். அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. கிருமி எல்லாம் கறிக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. மேலே நன்றாக நெருப்புப் பட்டுவிட்டால் உள்ளே எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் ஒன்றும் செய்யாது. அப்பா சொன்னது, அனுபவத்தில் கண்டது. நேர்மையாகச் சொன்னால் அது பொய்யும் இல்லை. அதை நம்பித்தான் எங்கள் ஊரே சாப்பிடுகிறது.

அந்த ஞாயிறும் மோரா சொல்லிவிட்டு உள்ளே போனாள். கம்பியில் வளைத்துக் குத்திய பிகான்யாவிலிருந்து கொழுப்பு சொட்டிக் கரி சீறிக்கொண்டிருந்தது. லிவியா அவர் காலைக் கட்டிக்கொண்டு, எனக்கு அந்தக் கறுப்பு வேண்டாம், உங்களுடையது வேண்டும் என்றாள். ஒஸ்மாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் ரத்தம் பேசுகிறது என்று பூரித்துப்போய், உள்ளே சிவந்து சாறு ஓடுகிற பகுதியில் மெல்லியதாக ஒரு சீவல் சீவி வாயில் வைத்தார். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இன்னொன்று கொடுத்தார். மேலும் ஒன்று கேட்டாள். அதையும் கொடுத்தார்.

பிறகு உதட்டில் விரலை வைத்து, "அம்மாகிட்ட சொல்லக் கூடாது, சரியா? இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்," என்றார்.

அவளும் தன் உதட்டில் விரலை வைத்தாள். அந்த மதியம் முழுக்க அவள் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் இரண்டு பேரும் கண்ணடித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை மழை. வெளிச்சுவர் வேலை இல்லை என்பதால் ஒஸ்மார் சும்மா இருக்க முடியாமல் கடைக்குப் போனார். பெட்டி நிறைய முழுத் துண்டுகள் வந்து கிடந்தன. கையை விட்டுத் துழாவிக்கொண்டே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டில் கறி வெட்டிக்கொண்டிருந்த ஜில்மாரை நக்கல் செய்தார். ஜில்மாரும் நம்ம ஊர்ப் பையன்தான். போன வாரம் பெட்டியைக் காலியாக வைத்து என்னைத் தட்டுக்கறி வாங்க வைத்துவிட்டீர்களே, ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெய் மாதிரி இருந்தது என்றார்.

"இருக்காதா பின்ன, சார்? அதை மெஷின்ல விட்டுத்தான தட்டுல வைக்கறோம்," என்றான் ஜில்மார்.

எந்த மெஷின் என்று கேட்டார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து விளக்கினான். சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்னக் கத்திகள். ஒரு அமுக்கு அமுக்கினால் கறிக்குள் மேலிருந்து கீழ் வரைக்கும் இறங்கி ஏறும். நார் அறுபட்டுக் கறி மெதுவாகிவிடும். பையில் வருவது அப்படியே வருவது, அதை இங்கே யாரும் குத்துவதில்லை.

ஒஸ்மாரின் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. கறி பற்றி அவருக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. ஜில்மார் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருக்கிற கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். உள்ளே போனதற்கு நெருப்புப் படாது. அவர் ஒரு தட்டை எடுத்து நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 

"கத்தியால குத்தினது, உள்ளயும் நல்லா வேக வைக்கணும்னு போட்டிருக்கு. எல்லாத் தட்டுலயும் இருக்கும்," என்றான் ஜில்மார்.

"வேகாம சாப்பிட்டா?"

"பெரியவங்களுக்கு வயித்தால போகும், அப்பறம் சரியாயிடும். சின்னப் பசங்களுக்குத்தான் கெடுதல், சில சமயம் கிட்னியைப் பிடிச்சுக்கும்னு வேலைக்குச் சேர்ந்தப்ப சொன்னாங்க. ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றார் ஒஸ்மார். எப்போது தெரியும் என்று கேட்டதற்கு, சாப்பிட்டு மூன்று நாலு நாள் கழித்துக்கூட வரலாம் என்றான். அவர் தட்டை அதன் இடத்தில் வைத்தார். வெறும் தள்ளுவண்டியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார். வாசலில் ரசீது பார்க்கிறவள் வண்டியையும் அவர் முகத்தையும் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். அவர் மழையில் இறங்கி நடந்தார்.

காருக்குள் உட்கார்ந்து வெஸ்லிக்குப் போன் போட்டார். அவன் லாரி ஓட்டிக்கொண்டு மெய்ன் மாநிலத்துப் பக்கம் போயிருந்தான். எல்லாரும் சுகமா என்று கேட்டார். எல்லாரும் சுகம்தான், லிவியாவுக்கு மட்டும் காலையிலிருந்து லேசாக வயிற்று வலி, விளையாட்டுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்றான்.  சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாயும் திறந்தது. ஆனால் வந்தது, சரி, ஜாக்கிரதையாக ஓட்டு என்பதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், மோராதான் காரணம். போன வருஷம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலி மைதானத்தில் கார் ஓட்டக் கொடுத்தார் இந்தப் புத்திசாலி. அதற்கு அவள் குளிர்காலம் முழுக்கக் குழந்தையை அனுப்பவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட வாசலோடு சரி. இன்னொரு தடவை என் பேச்சை மீறினால் அதோடு முடிந்தது என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். ஆகவே ஒஸ்மார் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டார். நான்கூடத்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றுமில்லையே. இவோனி சாப்பிட்டாள், அவளும் நன்றாகத்தானே இருக்கிறாள். பள்ளியில் சுற்றுகிறது என்றானே, அதுவாகத்தான் இருக்கும். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. படுக்கையில் புரண்டவரை இவோனி என்ன என்று கேட்டபோது, வாயுத் தொல்லை என்றார்.

மறுநாள் காலை மோரா போன் செய்தாள். லிவியாவுக்கு வயிற்றால் போவதில் ரத்தம் தெரிகிறது, அவளை மடியில் வைத்துக்கொண்டு என்னால் கார் ஓட்ட முடியாது, வந்து கூட்டிப்போக முடியுமா என்றாள். அந்த மோரா கெஞ்சிக் கேட்டு அவர் அதுவரை பார்த்ததில்லை. ஒஸ்மார் எப்படி ஓட்டினார், எந்த விளக்கில் நின்றார் என்று அவருக்கே நினைவில்லை. பின்சீட்டில் தாயின் மடியில் குழந்தை துணி போலக் கிடந்தாள். கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காக்க வைப்பார்கள், பக்கத்துக் கிளினிக்கில் உடனே பார்ப்பார்கள் என்று மோரா சொன்னாள். டாக்டரம்மா சின்ன வயசு. வயிற்றை அமுக்கிப் பார்த்து, காய்ச்சல் பார்த்து, பள்ளியில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று பிள்ளைகளுக்கு இருக்கிறது என்றாள் மோரா. அதுவாக இருக்கலாம், ஆனால் ரத்தம் தெரிவதால் சாப்பாட்டைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று டாக்டர் ஆரம்பித்தாள். காய்ச்சாத பால் குடித்தாளா, பண்ணை ஏதாவது போனீர்களா, வேகாத இறைச்சி சாப்பிட்டாளா.

மோரா உடனே இல்லை என்றாள். அந்த விஷயத்தில் தான் எவ்வளவு கண்டிப்பு என்று வோவோவுக்கே தெரியும் என்று அவரைக் கை காட்டினாள். ஒஸ்மாரின் தலை தானாக ஆடியது. அந்தத் தலையாட்டலை நினைத்து அவர் பிறகு எத்தனை தடவை குமைந்தாரோ தெரியாது.

டாக்டர் குனிந்து குழந்தையிடமே கேட்டாள். "கண்ணு, உள்ள சிவப்பா இருக்கற கறி ஏதாவது சாப்பிட்டியா?"

லிவியா தாயைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. படுத்தபடியே கழுத்தைத் திருப்பித் தாத்தாவைப் பார்த்தாள். வயிற்றைச் சுருட்டிப் பிடித்த வலி முகமெல்லாம் இருந்தது. அதோடேயே, இல்லை என்று தலையை ஆட்டினாள். கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு விரல் மெதுவாக எழுந்து உதட்டுப் பக்கம் வந்தது.

டாக்டர், சரி, அப்படியென்றால் பள்ளியில் வந்ததாகத்தான் இருக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்த மருந்து தருகிறேன், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.  இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் எப்போதும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததே, அதற்குத்தான் அவர் பயந்து போனார். தன்னைப் பார்த்தே பயந்தார்.

"நான் குடுத்தேன்," என்றார். "ஞாயித்துக்கெழம. சிவப்பா இருந்தது. மூணு துண்டு. மெஷின்ல குத்தின கறி. எனக்குத் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுது."

உடைந்த இங்கிலீஷில் சொன்னார். இருந்தும் எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். அந்த மருந்து கொடுக்கவே கூடாது, வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கிவிடும் என்றாள். உடனே பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.  ஆம்புலன்ஸில் ஏறும்வரை மோரா குழந்தையின் தலைமுடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். லிவியாதான் அழுதாள். வோவோ சொல்லிட்டாங்க, வோவோ சொல்லிட்டாங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

சோதனையில், கறியிலிருந்து வந்த கிருமிதான் என்று தெரிந்தது. கிட்னியைக் குறிவைக்கிற வகை. அதற்கு மருந்து என்று ஒன்றும் கிடையாது, நீர் ஏற்றிக்கொண்டு, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான், சிலருக்குத் தானாக இறங்கிவிடும், சிலருக்கு இறங்காது, வயிற்று வலி கூடினால் உடனே தெரிய வேண்டும் என்றார்கள். வெஸ்லி லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். அப்பாவைத் தாண்டி நேராக அறைக்குள் போனான். இவோனி ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஒஸ்மார் அறைக்குள் போகவில்லை. நடையில் ஒரு நாற்காலியில் கிடந்தார். மதியம் மோரா வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள்.

"கறியைக் குத்தினது உங்களுக்குத் தெரியாம நடந்தது. அதை என்னால தாங்கிக்க முடியும்," என்றாள். "ஆனா என் பொண்ணு அவ்வளவு வலியிலயும் என்கிட்ட மறைச்சா. அவளுக்கு அதை நீங்க சொல்லிக் குடுத்தீங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை.  மோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் உங்களைத்தான் கேட்கிறாள், அதற்காக உள்ளே விடுகிறேன், எனக்காக இல்லை என்றாள்.

உள்ளே போனார். கையில் குழாயோடு லிவியா இத்தனூண்டாகக் கிடந்தாள். ஒஸ்மார் கட்டில் ஓரம் உட்கார்ந்து, இனிமேல் நமக்குள் ரகசியமே கிடையாது, அம்மாவிடம் எல்லாம் சொல்ல வேண்டும், நான்தான் தப்பு செய்தேன், நீ இல்லை என்று சொன்னார். சரி என்றாள். நர்ஸ் வந்து, வயிறு வலிக்கிறதா என்று கேட்டாள். லிவியா தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். வலிக்கவில்லை என்றாள். நர்ஸ், நல்ல பெண் என்று சொல்லிக் குறித்துக்கொண்டு போனாள். ஒஸ்மாருக்கு உயிர் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி லிவியா அவர் முகத்தைப் பார்த்து, வலிக்கவில்லை என்றாள். அந்தத் தடவை மோரா உற்றுப் பார்த்தாள். ஒஸ்மாரும் பார்த்தார். குழந்தையின் கால் விரல்கள் போர்வைக்கு அடியில் இறுக மடங்கியிருந்தன. உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவள் இப்போது காப்பாற்றுவது ரகசியத்தை இல்லை. அது முடிந்துபோன விஷயம். அவள் பார்ப்பது அவர் பயத்தை. இல்லை என்று சொல்லிவிடு, இல்லை என்று சொல்லிவிடு என்று அவர் முகம் முழுக்கக் கெஞ்சிக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளை தாத்தாவுக்கு என்ன பதில் வேண்டும் என்று பார்த்து, அதைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தை மாற்றிப் பார்த்தார். சிரித்துப் பார்த்தார். மாறவில்லை. பயம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எங்கே கழற்றி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"வோவோ?" என்றாள் லிவியா.

"இங்கதான் இருக்கேன் கண்ணு. இன்னொரு தடவை கேளுங்கம்மா அவளை," என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் கேட்டாள்.  ஒஸ்மார் சுவரில் பெயின்டுக்கு அடியில் தெரிந்த பழைய விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. 

"வலிக்குது," என்று வந்தது அந்தச் சின்னக் குரல். "ரொம்ப வலிக்குதும்மா. காலையிலேர்ந்து வலிக்குது."

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.